காலாவதியான புரோநோட்டு: அப்பாவின் கடனை நான் கொடுக்க வேண்டுமா?

தென்னந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய டிரங்குப் பெட்டியை அம்மாவும் நானும் ஒழித்தோம். வேட்டிகளுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. உர மூட்டைக் கணக்கு, மோட்டார் காயில் கட்டிய செலவு, தேங்காய் வெட்டுக்கூலி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் மட்டும் எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒருவருடைய பெயர். இங்கே பெரியவர் என்றே சொல்லிக்கொள்கிறேன். '11.8.2014, ரூ. 1,50,000, கிணறு ஆழப்படுத்த'. அதற்குக் கீழே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கொடுத்த குறிப்பு. கடைசி வரி: '3.2.2017, வட்டி போக அசலில் 20,000'. அதோடு சரி.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அரசு அறிவித்தது. எங்கள் தோப்பில் பாதி மரம் அந்த வருடம்தான் பட்டுப்போனது. அப்பா அப்புறம் எழவே இல்லை.

பெரியவர் கருமாதிக்கு வந்தார், சாப்பிட்டார். செருப்பை மாட்டும்போது என் தோளைத் தட்டி, "அப்பா நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நோட்டைப் பார்த்த பிறகு நானே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்த புரோநோட்டை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அப்பாவின் கையெழுத்து. பின்பக்கம் ஒவ்வொரு வரவுக்கும் அப்பா கையெழுத்து. எல்லாம் நோட்டில் இருந்தது போலவே. "கொடு" என்று அவர் கேட்கவில்லை. "உங்க சௌகரியம் தம்பி" என்றார்.

என் தம்பி தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டிருக்கிறான். மூன்று வருடம் தாண்டினால் அது வெறும் காகிதம், ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாராம். அம்மாவோ, "அந்த மனுசன் முகத்தில் எப்படி முழிக்கிறது" என்கிறார். தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அடுத்த மாதம் வருகிறாள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

சட்டம் கொடுக்க வேண்டாம் என்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் விட்டுவிட்ட பிறகும் ஒரு மனிதனுக்குக் கடமை மிச்சம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கருப்புக்கோட்டு

உங்கள் தம்பியிடம் சொன்ன வக்கீல் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்.

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் வழக்குப் போடக் கெடு. கெடு முடிவதற்குள் கடன் வாங்கியவர் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கொடுத்து, அதைத் தன் கையால் எழுதினாலோ கையெழுத்துப் போட்டாலோ, அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். பின்பக்க வரவு எழுதுவது அதற்காகத்தான். ஆக 3.2.2017 வரவை வைத்துப் பார்த்தால் 2020 பிப்ரவரி தொடக்கத்தில் கெடு முடிந்துவிட்டது. கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னது 15.3.2020 முதல் 28.2.2022 வரை. உங்களுடையது அதற்கு முந்தின மாதமே முடிந்துவிட்டதால் அந்தச் சலுகையும் பெரியவருக்குக் கிடைக்காது. இன்றைக்கு அவர் கோர்ட்டுக்குப் போனால், நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு அப்படி.

இவ்வளவும் சரி. 'வெறும் காகிதம்' என்பதுதான் தவறு. கெடு முடிந்தால் வழக்குப் போடும் வழி அடைபடுகிறது, கடன் செத்துவிடுவதில்லை. ஐம்பதுகளிலேயே பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. நிலத்துக்கு வேறு விதி. அடுத்தவர் நிலத்தை ஒருவர் நீண்ட காலம் தன்னுடையதாக அனுபவித்துவரும் அனுபவ பாத்தியதையில், கெடு தாண்டினால் நிலத்துக்காரரின் உரிமையே போய்விடும். பணக் கடனுக்கு அப்படி இல்லை. காலாவதியான கடனை நீங்களாகக் கொடுத்துவிட்டால், 'தவறுதலாகக் கொடுத்துவிட்டேன், திருப்பிக் கொடு' என்று பிறகு கேட்க முடியாது. ஏனென்றால் கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. மகன் என்பதற்காக மட்டும் நீங்கள் பொறுப்பு இல்லை. அப்பா விட்டுப்போன சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவருடைய கடன் வாரிசைப் பிடிக்கும். அதுவும் கெடுவுக்குள் இருந்தால்.

---

பனியன்_நகரம்

சகோ, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் எனக்கு வேறு கருத்து.

கெடு என்று ஒன்று எதற்கு வைத்தார்கள்? ஒரு குடும்பத்தின் தலையில் ஒரு காகிதம் முப்பது வருடம் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்றுதானே. பெரியவருக்கு 2020 வரை நேரம் இருந்தது. ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம், அப்பாவிடம் இன்னொரு வரவு எழுதி வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது. நீங்கள் வாங்காத கடனுக்கு உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தை எடுத்துக் கொடுப்பது மட்டும் எந்த நியாயம்? சட்டம் உங்களை விடுவித்திருக்கிறது என்றால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மதிப்பதில் தப்பில்லை.

---

நூர்_ராமநாதபுரம்

அண்ணே, எங்கள் பக்கம் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மூத்த மகனோ வேறு வாரிசோ எல்லோருக்கும் முன்னால் நின்று, "எங்கள் வாப்பாவுக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்வார். என் வாப்பா மௌத் ஆனபோது அதை நான் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தி மூன்று வயது, கையில் வேலை இல்லை. சொல்லும்போது குரல் நடுங்கியது. பின் வரிசையிலிருந்து ஒரு மளிகைக்காரர் மறுநாள் வந்தார். நாலாயிரத்துச் சொச்சம் பாக்கி. சீட்டு, சாட்சி எதுவும் இல்லை, அவருடைய வாய்ச்சொல் மட்டும். மாதம் ஐந்நூறாகக் கொடுத்து முடித்தேன்.

குர்ஆனில் பாகப்பிரிவினை சொல்லும் இடத்திலேயே, கடனும் மரண சாசனமும் போக மீதியைத்தான் பங்கு வைக்க வேண்டும் என்று இருக்கிறது. கடன் கழிகிற வரைக்கும் சொத்து முழுசாக நம்முடையது இல்லை. கணக்கு அப்படித்தான் தொடங்குகிறது. பனியன்_நகரம் அண்ணன் 'நீங்கள் வாங்காத கடன்' என்கிறார். சரி, ஆனால் அந்தக் கிணறு யாருக்கு வந்தது?

---

நெல்லைச்சீமை

இந்த இழையில் எல்லோரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லியாக வேண்டும்.

'வாங்கின கடனைக் கொடுக்கிறதுதான் நாணயம்', 'அப்பன் பேரைக் காப்பாத்து'. இந்த வார்த்தைகளை நான் அதிகமாகக் கேட்டது நல்லவர்கள் வாயிலிருந்து அல்ல, வட்டிக்கு விடுகிறவர்கள் வாயிலிருந்து. அவர்களிடம் பாதி நேரம் முறையான பத்திரம் இருக்காது. வெறும் ஸ்டாம்ப் பேப்பரிலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், வீட்டு வாசலுக்கு வருவார்கள். கடன் வாங்கியவனுடைய மானத்தை வைத்துத்தான் தொழில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணி வட்டி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு தீயில் போனது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அந்தத் திங்கட்கிழமையை மறக்கவில்லை.

அதனால், 'சட்டத்தை விட மனசாட்சி பெரிது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல என்னால் முடியாது. மனசாட்சி உள்ளவனைப் பிடித்து உலுக்க ஆள் இருக்கும் ஊரில், 'போதும், இதற்கு மேல் கேட்க உனக்கு உரிமை இல்லை' என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டும்.

தென்னந்தோப்பு, வட்டி எவ்வளவு? பெரியவர் எத்தனை பேருக்கு இப்படிக் கொடுத்திருக்கிறார்? அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

---

தென்னந்தோப்பு

கேட்டது நல்லது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாதம் 1,500. 2014 ஆகஸ்டிலிருந்து 2017 பிப்ரவரி வரை முப்பது மாதத்துக்கு 45,000 போயிருக்கிறது. அசலில் 20,000. மீதி அசல் 1,30,000.

அவர் வட்டித் தொழில் செய்கிறவர் இல்லை. இரண்டு விசைத்தறி வைத்திருந்தார், அதை விற்ற பணத்தில்தான் அப்பாவுக்குக் கொடுத்தார். இப்போது ஒரு பெட்டிக்கடை. அவர் வீட்டம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். வறட்சிக்கு அப்புறம் அவர் வட்டியும் கேட்கவில்லை, அசலும் கேட்கவில்லை. ஏன் நோட்டீஸ் விடவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "பட்டுப்போன மரத்தைப் பார்த்துட்டுப் போனாரு, அப்புறம் எப்படிக் கேப்பாரு" என்றார்.

---

பழைய_கணக்குப்பிள்ளை

முப்பத்தோரு வருடம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பேரேடு எழுதியவன் நான். எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்ட ஒரு சங்கதி இருக்கிறது.

1938-ல், ராஜாஜி சென்னை மாகாணத்தில் ஆட்சியில் இருந்தபோது, விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி, அசல் மட்டும் பாக்கி. அதைவிட முக்கியம், வட்டியும் அசலுமாகச் சேர்த்து ஒருவன் அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால், கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கணக்கு. இன்று வாசிக்கச் சாதாரணமாக இருக்கிறது. அன்று அது பெரிய அதிர்ச்சி. கொடுத்த வாக்கைச் சட்டமே முறிக்கச் சொல்கிறதே, இது தர்மமா என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள்.

எங்கள் தாத்தா கிஸ்தி கட்ட வாங்கிய கடனுக்கு, அறுவடைக்கு அறுவடை நெல்லாகவே அளந்தவர். கணக்குப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. பாட்டி, "சட்டம் என்ன சட்டம், வாங்கினோம், கொடுத்துடலாம்" என்றாளாம். தாத்தா வாசல் திண்ணையில் உட்கார்ந்து கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக் காட்டினாராம், இத்தனை கலம் வாங்கின பணத்துக்கு, இத்தனை கலம் மேலே போனது என்று. "இனிமே கொடுத்தா பிள்ளைங்க வாயிலேர்ந்து எடுத்துக் கொடுக்கிறது. அது எந்த நாணயம்?" என்று கேட்டாராம். கொடுக்கவில்லை. கடைசி வரை அதற்காக அவர் கூச்சப்பட்டதும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'நல்லவன் எப்போதும் கொடுப்பான், சட்டத்துக்குப் பயந்தவன் மட்டும் கணக்குப் பார்ப்பான்' என்று நினைக்க வேண்டாம். எங்கள் தாத்தாவின் விஷயத்தில் சட்டம்தான் மனசாட்சிக்கு முன்னால் போய் வழி காட்டியது. பாட்டிக்கு அது புரியக் கொஞ்ச காலம் பிடித்திருக்கிறது.

ஆனால் தம்பி, உங்கள் கணக்கு வேறு. பெரியவர் கொடுத்தது ஒன்றரை லட்சம். திரும்பிப் போனது அறுபத்தைந்தாயிரம். இதில் யார் வாயிலிருந்து யார் எடுத்தது என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள். கோர்ட்டுக்குக் கெடு ஏன் வேண்டும்? சாட்சி செத்துப்போவான், ரசீது கரையான் தின்னும், யார் சொல்வது நிஜம் என்று நீதிபதிக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்காக வைத்த வேலி அது. உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லையே. அப்பா கையெழுத்து, அப்பா நோட்டு, அப்பா கிணறு.

---

பனியன்_நகரம்

பெரியவர் நிலைமை தெரியாமல் எழுதிவிட்டேன். தறி விற்ற பணம் என்பது எனக்குத் தைக்கிறது, நானும் அந்தத் தொழில்தான். ஆனாலும் தம்பியைக் கெட்டவனாக ஆக்கிவிடாதீர்கள். அவன் வக்கீலிடம் கேட்டதில் குற்றம் இல்லை. கொடுப்பது உங்கள் முடிவாக இருக்கட்டும், அவன் தலையில் சுமத்தாதீர்கள்.

---

கருப்புக்கோட்டு

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரே ஓர் இடம் தவிர. சட்டம் வெறும் வேலி என்பதை முழுசாக ஏற்க முடியவில்லை. சட்டத்துக்குள்ளும் மனசாட்சி உட்கார்ந்திருக்கிறது.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் கைம்மாறு இல்லாத வாக்குறுதி செல்லாது என்பது பொது விதி. அதற்கு மூன்று விலக்குகள். மூன்றாவது விலக்கு, காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்பது. கோர்ட் கதவை மூடிய அதே சட்டம், மனசு வந்து ஒருவன் உள்ளே வந்தால் சாவியைத் தயாராக வைத்திருக்கிறது.

பழைய இந்து சட்டத்தில் தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்று ஒரு கொள்கை இருந்தது. கோர்ட்டுகள் அதை நிஜமாகவே அமல்படுத்தின. அதிலும் சூதாட்டம், குடி மாதிரியான ஒழுக்கக்கேட்டுக்கு வாங்கிய கடன் மகனைப் பிடிக்காது. அதாவது, 'கடன் எதற்கு வாங்கினாய்' என்று நீதிபதி ஒழுக்கம் விசாரித்தார். 2005 திருத்தத்தில் இந்தக் கொள்கையை, அதற்குப் பிறகு வாங்கும் கடன்களைப் பொறுத்தவரை எடுத்துவிட்டார்கள். உங்கள் அப்பாவுடையது 2014. அதனால் இதை வைத்து உங்களை யாரும் கேட்க முடியாது. அந்தக் கடமையைக் கோர்ட் உங்களிடமே விட்டுவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கொடுப்பதாக இருந்தால் சில காரியங்கள். புது நோட்டு எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், அது உங்கள் பெயரில் தனிக் கடனாகிவிடும். வங்கி வழியாக அனுப்புங்கள். பழைய நோட்டின் பின்பக்கம் 'முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை' என்று தேதியோடு கையெழுத்து வாங்கி, நோட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் நல்லவர்தான். அவருக்குப் பிறகு அந்தக் காகிதம் யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

---

கொங்கு_மகள்

எல்லாவற்றையும் படித்தேன். ஒரே ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது, அதைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை.

'தங்கச்சி அடுத்த மாதம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறாள்.'

அண்ணா, வெளி ஆளுக்குத் தர வேண்டிய ஒன்று முப்பதுக்காக உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுப் பெண்ணுக்கு வர வேண்டிய கால் பங்கைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நாலு பேருக்கும் சமம். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. அன்று ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டார்கள், என் பெரியம்மா அப்படித்தான் விடுபட்டார். 2005-ல் நாடு முழுக்க வந்தபோது அந்த விலக்கும் இல்லை. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்துவிட்டது.

சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பொங்கச்சீரும் தீபாவளிச் சேலையும் நின்றுவிடக் கூடாதே என்று பெண்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நானும் போட்டேன். பத்திர அலுவலகத்தில் சார்பதிவாளர், "உங்க சம்மதத்தோடதானே?" என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். தலையாட்டினேன். சட்டப்படி அது முழுச் சம்மதம்.

உங்கள் விஷயத்தில் பெரியவருக்குச் சட்டம் துணை இல்லை, உங்கள் மனசு இருக்கிறது. தங்கைக்குச் சட்டம் இருக்கிறது. அங்கே உங்கள் மனசு இருக்கிறதா என்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை.

---

நூர்_ராமநாதபுரம்

கொங்கு_மகள் அக்கா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். எங்களில் மகளுக்குப் பங்கு வேதத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் எத்தனை வீட்டில் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

---

தென்னந்தோப்பு

மூன்று வாரமாக இங்கே வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கொங்கு_மகள், உங்கள் பதிலைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. சீர் எதையும் நாங்கள் குறைத்ததில்லை, அவளே கேட்கவில்லை என்றெல்லாம் மனசுக்குள் பதில் எழுதிப் பார்த்தேன். அவளே கேட்கவில்லை என்று எழுதும்போது நின்றுவிட்டேன். பெரியவரும்தான் கேட்கவில்லை.

தங்கச்சியிடம் போனில் பேசினேன். கடனைப் பற்றிச் சொன்னேன், நோட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "நிலத்தில எனக்குப் பங்கு இருக்குன்னா கடன்லயும் பங்கு இருக்கு. இல்லைன்னா என்னை ஏன் கேட்கிற?" என்றாள். பத்திர எழுத்தரிடம் அன்றைக்கே சொல்லி, எழுதி வைத்த விடுதலைப் பத்திரத்தை நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் அவள் ஜிபே பண்ணியிருந்தாள். 32,500. நாலில் ஒரு பங்கு, சரியாக.

அம்மா பங்கையும் என் பங்கையும் தேங்காய்ப் பணத்தில் எடுத்தேன். தம்பி தரவில்லை. அவன் பங்கை இப்போதைக்கு நானே போட்டிருக்கிறேன். பனியன்_நகரம் சொன்னது மனதில் இருந்ததால் அவனிடம் சண்டை போடவில்லை. நிலத்தை நாலாகப் பிரிப்பது பற்றி அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. அது தனிப் பிரச்சினை, எளிதில் முடியாது என்று தெரிகிறது.

பெரியவர் வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கருப்புக்கோட்டு ஐயா சொன்னபடி பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, மெசேஜ் வந்ததைக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியவில்லை, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஏழு வருடத்துக்கு மேலாக நின்ற வட்டி என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அந்த வருசம் மழை பெஞ்சிருந்தா வாங்கியிருப்பேன்" என்றார். பஞ்சாங்கத்திலிருந்து நோட்டை எடுத்துப் பெட்டிக்கடைப் பலகை மேல் வைத்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். வரவுகளுக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம்தான் மிச்சம் இருந்தது. 'பாக்கி இல்லை' என்பதற்கு இடம் போதாமல் ஓரத்தில் மேல்நோக்கித் திருப்பி எழுதினார்.

அம்மா அதை வாங்கி, அப்பாவின் நாற்பது பக்க நோட்டில் அதே பக்கத்துக்குள் வைத்திருக்கிறார்.